காலியிடமும் கார்வையும்

மௌனம் என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகளில் இவ்வளவு மலிவாக்கிவிட்ட பிறகு, அதைப் பற்றி ஒரு இயந்திரத்திடம் போய் விசாரிப்பதில் தவறில்லை. புதுக்கவிதைத் தொகுப்பு எதற்கு முன்னுரை எழுதினாலும், வரிகளுக்கிடையே உள்ள மௌனத்தைப் பற்றி ஒரு பாரா வந்துவிடுகிறது. எவ்வளவு நேர மௌனம், எதற்குப் பிறகு, எங்கே முடிகிறது என்று கேட்டால், கேட்டவனுக்குக் கவிதை புரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மௌனம் அளவுக்கு அப்பாற்பட்டது என்கிற ஒருவகை பக்தி இது. நான் சொல்ல வந்த இயந்திரத்துக்கு அந்த பக்தி கிடையாது. அதில் ஒரு கணம் சத்தம் வராமலிருக்க வேண்டுமானால் யாராவது ஒரு ஸ்விட்சைத் தள்ளியாக வேண்டும், அல்லது ஒரு வயரைப் பிடுங்கியாக வேண்டும். எந்த இடத்தில் என்பதும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தின் பெயர் மாடுலர் சிந்தஸைஸர். 1960களின் நடுவில் ராபர்ட் மூக் நியூயார்க் மாநிலத்திலும், டொனால்ட் புக்லா கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதை உருவாக்கினார்கள். ஒரே வாத்தியம் என்று சொல்லமுடியாது. தனித்தனிப் பெட்டிகளின் கூட்டம். ஒன்று நாதத்தை உண்டாக்கும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று கதவைப்போலத் திறந்து மூடும். எந்தப் பெட்டி எதனோடு பேசவேண்டும் என்பதை வயர்களால் வாசிப்பவன்தான் தீர்மானிக்கிறான். அவை பேசிக்கொள்ளும் பாஷை மின்னழுத்தம். இந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் ஸீக்வென்ஸர். மூக் செய்த 960 என்ற ஸீக்வென்ஸரில் எட்டு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழாக மூன்று குமிழ்கள். உள்ளே ஒரு கடிகாரம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பத்தியின் விளக்கு எரிந்து, அந்தப் பத்தியின் மூன்று குமிழ்களில் திருப்பி வைத்த அழுத்தம் வெளியே வருகிறது. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. முதல் வரிசையை ஸ்வரத்துக்கும் இரண்டாவதை சத்தத்தின் அளவுக்கும் கொடுக்கலாம். மூன்றாவதைக் கடிகாரத்துக்கே திருப்பிக் கொடுத்தால், எந்தப் பத்தியில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதும் குமிழின் கைக்கு வந்துவிடும்.

இதில் ஓய்வு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பத்திக்கும் கீழே மூன்று நிலைகள் உள்ள ஒரு ஸ்விட்ச் உண்டு. 'நார்மல்', 'ஸ்கிப்', 'ஸ்டாப்'. முதலாவது வழக்கம்போல் நடப்பது. ஸ்டாப் என்று வைத்தால் ஓட்டம் அந்தப் பத்தியில் வந்து நின்றுவிடும், கதை முடிந்தது. ஸ்கிப் என்று வைத்தால் அந்தப் பத்தி தாண்டப்படும். முதல்முறை பார்ப்பவர்கள் இதைத்தான் ஓய்வு என்று நினைக்கிறார்கள். தாண்டுவதற்கு நேரமே ஆவதில்லை. நான்கிலிருந்து நேரே ஆறுக்குப் போகும். எட்டாக இருந்தது ஏழாகிவிடும், நம் பாஷையில் ஆதி மிஸ்ரமாகிவிடும். சத்தம் குறைந்தது, ஆனால் மௌனம் வரவில்லை. உண்மையான ஓய்வு வேண்டுமென்றால் கடிகாரம் அந்தப் பத்தியில் முழு நேரமும் தங்கவேண்டும், கதவு மட்டும் மூடியிருக்க வேண்டும். அதற்கென்று அந்த இயந்திரத்தில் ஸ்விட்ச் கிடையாது. சத்தத்துக்குரிய குமிழை முழுக்கத் திருப்பி மூடலாம். அல்லது ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே உள்ள துடிப்பு வாயிலிலிருந்து வயரை இழுத்து, வேண்டாத பத்தியின் வாயை மட்டும் வெறுமனே விட்டுவிடலாம். ஓய்வைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

ஆக, காதுக்கு 'ஒன்றும் இல்லை' என்று படக்கூடிய சங்கதிகள் பல. மூடிய கதவு ஒன்று. பிடுங்கியெறிந்த படி ஒன்று. நின்றுபோன கடிகாரம் ஒன்று. இவற்றோடு, புதிதாக எதுவும் தொடங்காமல் முந்தைய ஸ்வரத்தையே நீட்டிப் பிடிப்பது இன்னொன்று. இயந்திரத்துக்கு இவை வேறு வேறு செயல்கள். நமக்கு எல்லாம் மௌனம்! எழுதிய பிறகு ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மௌனம் பேசுகிறது என்று கவிஞர் சொல்லும்போது அவர் செய்திருப்பது பெரும்பாலும் ஸ்கிப். அங்கே ஒரு வரி இருந்தது அவருக்குத் தெரியும். வாசகனுக்கு அந்த நேரம் கழியவே இல்லை.

நம் சங்கீதத்தில் இந்த விவகாரம் விசித்திரமானது. ஸ்வரம் எழுதும்போது நாம் போடும் கால்புள்ளி ஒரு மாத்திரை, அரைப்புள்ளி இரண்டு. பாடுகிறவர் அந்த இடத்தில் முந்தைய ஸ்வரத்தை நீட்டுவார். மிருதங்கக்காரர் சொற்கட்டை எழுதும்போது அதே கால்புள்ளிக்கு வெறும் இடம் என்று அர்த்தம். 'தொம்' என்று இடதுபக்கம் தட்டித் திறந்து விட்டிருந்தால் நாதம் அந்த இடத்துக்குள் வழியும், அடக்கித் தட்டியிருந்தால் வழியாது. இரண்டுக்கும் கார்வை என்று ஒரே பெயர். நீட்டலையும் நிறுத்தத்தையும் ஒரே குறியில் வைத்த நம்மவர்களுக்கு வித்தியாசம் தெரியாமலில்லை. அந்த நேரம் எண்ணப்பட்டதா என்பது ஒன்றுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்று நினைக்கிறேன். பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டில் ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டி வேலை செய்கிறது. அதில் ஸ்வரங்களை ஒரு முறையும், நேரத்தை இன்னொரு முறையும் தனித்தனியே பதியவேண்டும். நேரப் பட்டியலில் ஒவ்வொரு படிக்கும் மூன்றே தேர்வு: புதிய ஸ்வரம், நீட்டல், ஓய்வு. ஓய்வு நேரத்தை விழுங்கும், ஸ்வரத்தை விழுங்காது. வரவேண்டிய ஸ்வரம் அடுத்த படிக்குக் காத்திருக்கும்.

இயந்திரம் நம் நாட்டுக்கு வந்த கதையிலேயே மௌனத்துக்கு ஒரு வேடம் இருக்கிறது. 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தஸைஸரை வைத்து எலெக்ட்ரானிக் இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தவர் டேவிட் ட்யூடர் என்ற அமெரிக்கர். 1952 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் என்ற ஊரில், ஜான் கேஜ் எழுதிய, ஒரு ஸ்வரமும் வாசிக்கப்படாத 4 நிமிடம் 33 விநாடிப் படைப்பை மேடையில் முதன்முதலாக நிகழ்த்தியவர் இவர்தான். அந்த கேஜ் 1946-ல் நியூயார்க்கில் நம் சங்கீதத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது கீதா சாராபாயிடம். கீதா பகவாஜ் பயின்றவர். அகமதாபாத் நிறுவனத்தை உருவாக்கிய கௌதம், கீரா சாராபாய்களின் உடன்பிறந்தவர். 1969-க்குப் பிறகு அவரும் அதே மூக்கின் முன் உட்கார்ந்து இசை அமைத்தார். அவரோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும். 1972 வரையில் பதிவான நாடாக்கள் பல வருஷங்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்து, பால் பர்கஸ் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞரின் முயற்சியில் 2023-ல் இசைத்தட்டாக வந்தன. சர்மாவின் நடன இசைத் துண்டுகளில் துடிப்பு இருக்கிறது. மற்ற பலவற்றில் நாதம் ஊறிக்கொண்டே போகிறது, தம்பூரா மீட்டிப் பழகிய காது இயந்திரத்திலும் தம்பூராவைத்தான் தேடியிருக்கிறது. பகவாஜ் கற்ற ஒருவர் கையில் அந்த இயந்திரம் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்கமுடியவில்லை.

கேஜின் அந்தப் படைப்பைப் பற்றி நம்மிடம் புழங்கும் பேச்சில் ஒரு சின்ன சாமான் எப்போதும் விட்டுப்போகிறது. ட்யூடர் பியானோவின் மூடியை மூடியும் திறந்தும் மூன்று பகுதிகளைக் காட்டினார், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். அந்த மௌனம் தியானமாக இருந்ததோ இல்லையோ, எண்ணப்பட்டது.

சென்னைக்கு ஸீக்வென்ஸர் சினிமா வழியாக வந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு அதைக் கையாண்டது அப்போது பெரிய செய்தி. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோடம்பாக்கத்தில் தொடங்கியது பல்லாவரம், குரோம்பேட்டைக் கல்யாண மண்டபங்கள் வரை வந்துவிட்டது. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் தாளம் ஓடுகிறது, கீபோர்டுக்காரர் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். இதில் புலம்ப ஒன்றுமில்லை.

மாடுலர் என்ற பழைய முறைக்கு 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் மறு உயிர் கொடுத்தார், சின்னச் சின்னப் பெட்டிகளாக. அப்படி ஒரு அடுக்கு சேலையூரில் என் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் இருக்கிறது. நண்பர் சிறு வயதில் மிருதங்கம் கற்றவர், பிறகு எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். அவரிடம் உள்ள பெட்டிகளில் ஒன்று 'யூக்ளிட்' தாளம் போடுவது. எத்தனை படிகள், அதில் எத்தனை அடிகள் என்று சொல்லிவிட்டால் போதும், அடிகளை முடிந்தவரை சமதூரத்தில் அது பரப்பிக் கொடுக்கும். மான்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்த காட்ஃப்ரீட் டூசான் 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு எண்களின் பொது வகுத்தியைக் காண யூக்ளிட் சொன்ன வழியே உலகின் பல பாரம்பரியத் தாளங்களைப் பிறப்பிக்கிறது என்பது அதன் சாரம். எட்டில் மூன்று என்று கேட்டால் 1, 4, 7 ஆகிய இடங்களில் அடி விழும், மூன்று-மூன்று-இரண்டு. கியூபாவில் இது வேர்விட்ட தாளம். நம் மிருதங்கத்திலும் இந்தப் பகுப்பு சகஜம்.

நண்பர் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். ஆதி தாளத்தைக் கையால் போடுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், ஒரு தட்டு, ஒரு வீச்சு, ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு அட்சரங்களில் சத்தம் உண்டாவது மூன்றில்தான். விரல் விடுவதும் வீசுவதும் ஓசையற்றவை. சாஸ்திரத்தில் சசப்தக் கிரியை, நிச்சப்தக் கிரியை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆக இங்கேயும் எட்டில் மூன்று, ஆனால் 1, 5, 7 ஆகிய இடங்களில். நான்கு-இரண்டு-இரண்டு. யூக்ளிட் பெட்டியை எங்கே தொடங்கி எப்படிச் சுழற்றினாலும் இது வராது. அதன் நியாயப்படி மௌனத்தைச் சமமாகப் பங்கிடவேண்டும். ஆதி தாளம் சமமாகப் பங்கிடவில்லை. முன்பாதியில் மூன்று அட்சரங்களைச் சேர்ந்தாற்போல் ஓசையில்லாமல் விட்டுவிட்டு, பின்பாதியில் ஒன்று விட்டு ஒன்றாக நெருங்குகிறது. சமம் வரப்போகிறது என்று கை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. இது சராசரி போடும் புத்தி செய்த காரியமல்ல. எங்கே திரும்பி வரவேண்டும் என்று தெரிந்த ஒரு மனசு செய்தது.

அன்று ஒரு மோராவையும் போட்டுப் பார்த்தோம். மோரா என்பது ஒரே சொற்கட்டை மூன்று தரம் சொல்லி, நடுவில் இரண்டு சமமான இடைவெளி விட்டு, சமத்தில் வந்து விழுவது. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. சமத்தில் எடுத்து சமத்தில் முடிப்பதானால் சொற்கட்டு பத்து, இடைவெளி ஒன்று என்று வைக்கலாம். எட்டும் நான்கும் சரிவரும். ஆறும் ஏழும்கூடச் சரிவரும், இடைவெளி சொல்லைவிட நீண்டுவிடும், அவ்வளவுதான். ஒற்றைப்படைச் சொற்கட்டு சரிவராது. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்தை எடுத்தால், ஒரு மாத்திரை இடைவெளியோடு மூன்று தரத்துக்குப் பதினேழு ஆகிறது. 15 மாத்திரை சும்மா இருந்து பதினாறாவதில் எடுக்கவேண்டும், அதாவது ஐந்தாவது அட்சரத்தின் தட்டுக்கு ஒரு மாத்திரை முன்னால். 32 படிகளில் இதைப் பதிவது மிகச் சுலபம். முதல் 15 படிகளின் கதவை மூடினோம், 21, 27 ஆகியவற்றையும் மூடினோம், ஓடவிட்டோம். கணக்கு ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது. ஒன்றும் நிகழவில்லை.

இயந்திரம் அல்லவா, உயிர் எங்கே வரும் என்று இந்த இடத்தில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அப்படித்தான் நம் விமர்சகர்கள் எழுந்துவிடுகிறார்கள். நண்பர் எதையும் மாற்றாமல், என்னைத் தாளம் போடச் சொன்னார். இரண்டு ஆவர்த்தனம் வெறுமனே போட்ட பிறகு இயந்திரத்தை விட்டார். முதல் 15 மாத்திரையும் அது வாய் திறக்கவில்லை. என் கை தட்டி, மூன்று விரலை விட்டு, அடுத்த தட்டுக்கு உயரும்போது அதற்கு ஒரு நூலிழை முன்னால் 'த' விழுந்தது. வயிற்றில் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. 21-ம் 27-ம் துளைகளாக இல்லை, ஏறிக் கடக்கவேண்டிய படிகளாக இருந்தன. அதே மின்சாரம், அதே மூடிய கதவுகள். இயந்திரம் தன் எல்லாப் படிகளையும் ஒரே மாதிரிதான் கடந்தது, அதற்குச் சமம் என்று ஒன்று இல்லை, ஒன்றாவது படியும் பத்தொன்பதாவது படியும் அதற்கு ஒன்று. மௌனம் என் கையில் இருந்தது. மார்கழிக் கச்சேரியில் நூறு தொடைகளின் மேல் நூறு கைகள் அசைந்துகொண்டிருப்பதை நாம் ரசிகர்களின் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். வித்வான் நிறுத்தும் இடத்தை அந்தக் கைகள்தான் தாங்கிப் பிடிக்கின்றன.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஏதாவது ஒரு தெருப் பிள்ளையார் கோவிலுக்கு தீபாராதனை சமயத்தில் போனால் போதும். மேளக்காரருக்குப் பதிலாக ஒரு இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் மாட்டியிருக்கும். மோட்டார் சுழன்றதும் கோல்கள் எழும்பி எழும்பி விழும். இதுவும் ஸீக்வென்ஸர்தான், மின்னழுத்தத்துக்குப் பதிலாக இரும்புக் கைகள். ஆனால் அதில் ஓய்வு என்பதே வைக்கப்படவில்லை, சமம் என்பதும் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் தொடக்கம், அணைத்ததும் முடிவு. தவில்காரர் ஒரு தீர்மானம் வைத்து கற்பூரத் தட்டு இறங்கும் கணத்தில் நிறுத்தினால் அந்த நிறுத்தம் கேட்கும். மோட்டார் அணையும்போது கேட்பது மோட்டார் அணைந்தது மட்டும்.

இயந்திரம் என்பதால் இப்படி என்று சொல்லமுடியாது. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து 2004 வரை மீட்டர்கேஜில் ஓடியபோது, தண்டவாள இணைப்புகளின் மேல் சக்கரங்கள் போட்ட தாளத்தில் ஓய்வு இருந்தது. ஒரு பெட்டியின் கடைசிச் சக்கரங்களும் அடுத்த பெட்டியின் முதல் சக்கரங்களும் சேர்ந்து நான்கு அடி, பிறகு பெட்டியின் நீளத்துக்கு ஒரு கார்வை. வேகம் கூடினால் கார்வை சுருங்கும், விகிதம் மாறாது. முதல் காலம், இரண்டாம் காலம். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீட்டிவிட்டார்கள், இந்தத் தாளம் தாம்பரம் யார்டின் கிளைத் தடங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

இனி நம் விஷயத்துக்கு வரலாம். தொல்காப்பியர் மாத்திரைக்கு இரண்டு அளவு சொல்கிறார், கண் இமைப்பதும் கை நொடிப்பதும். ஒன்றுக்கு இரண்டு உதாரணம் என்று உரைகளில் கடந்துபோகிறோம். கை நொடிப்பது ஓசையுள்ளது, கண் இமைப்பது ஓசையற்றது. ஒரே அளவை ஓசையாலும் ஓசையின்மையாலும் அளந்து காட்டியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. சசப்தம், நிச்சப்தம் என்ற வடமொழிப் பெயர்கள் வேண்டாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

குறள் வெண்பா ஏழு சீர். முதலடி நான்கு, இரண்டாமடி மூன்று. அந்த மூன்றின் கடைசியும் முழுச் சீர் இல்லை, நாள், மலர், காசு, பிறப்பு என்று நறுக்கப்பட்டது. எட்டாவது சீரை யாரும் எழுதவில்லை. ஆனால் நான்கு என்று முதலடி எண்ணிக் காட்டிவிட்டதால், ஏழுக்குப் பிறகு ஒரு இடம் திறந்து நிற்பது கேட்கிறது. குறளின் அழுத்தம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. சீர்கள் எல்லாம் சம நேரம் உடையவை அல்லவே என்று யாப்பு தெரிந்தவர்கள் ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். இங்கே நடப்பது விநாடிக் கணக்கல்ல, எண்ணிக்கை. தளை தட்டாமல் ஒரு காலை அடுத்த கால் தொடர்வதால் வரும் எண்ணிக்கை. ஆதி தாளத்தின் எட்டாவது அட்சரமும் வீச்சுதான் என்பதைக் காட்டி ஒரு சித்தாந்தம் கட்ட நான் தயாரில்லை.

யாப்பை விட்டது தவறு என்று சொல்ல வருவதாக யாரும் நினைக்கவேண்டாம். 1959-ல் 'எழுத்து' வந்தபோது யாப்பு பெரும்பாலும் அந்தக் கோவில் மோட்டார் மாதிரி ஆகியிருந்தது. சீர் சீராகக் கோல் விழுந்துகொண்டிருந்தது, எங்கும் காது நிற்கவில்லை. ந. பிச்சமூர்த்தி அதை அணைத்தார். அணைத்த பிறகு அவர் எழுதியவற்றில் பேச்சின் நடை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது எங்கே தங்குகிறது என்று கேட்டது. ஞானக்கூத்தன் பழைய சந்தங்களைத் திரும்ப எடுத்து, அவை எதிர்பாராத இடத்தில் அவற்றை நிறுத்திக் காட்டினார். இருவரும் மௌனத்தைப் பற்றி எழுதியதைவிட அதற்கு இடம் போட்டது அதிகம்.

பின்னால் வந்தவர்களில் ஒரு பெரும் பகுதி யாப்பை அணைத்ததோடு கடிகாரத்தையும் அணைத்துவிட்டது. ஒரு வார்த்தை ஒரு வரி, அடுத்த வரி வெற்று, அப்புறம் இரண்டு வார்த்தை, அப்புறம் மூன்று புள்ளி. சத்தமாகப் படித்தால் எந்த இடைவெளியில் எவ்வளவு நிற்பது என்று எழுதியவருக்கே தெரிவதில்லை. கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், தன் கவிதையைத் தானே வாசிக்கும்போது மேடைக்கு மேடை வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்குகிறார். வெள்ளைக் காகிதத்தின் காலியிடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அங்கே எந்தப் பத்தியின் விளக்கும் எரியவில்லை. அதைக் கார்வை ஆக்க அதற்கு முன்னால் இரண்டு வரிகளாவது வாசகனின் கையை அசைத்திருக்க வேண்டும். பேச்சு நடையாலோ, ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருவதாலோ, ஒரு வினைமுற்றுக்குக் காத்திருக்க வைப்பதாலோ அசைக்கலாம். தமிழில் வினை கடைசியில் வருவதே ஒரு பெரிய சௌகரியம். எழுவாயைப் போட்டுவிட்டு வினையை எவ்வளவு நேரம் தள்ளிவைக்கிறோமோ அவ்வளவு நேரமும் வாசகன் எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்தச் சௌகரியத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் நம் உரைநடையில் இருக்கும் அளவுக்குக் கவிதையில் இல்லை என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் பெயர்களோடு மறுக்கட்டும், வரிகளை எடுத்துவைத்து எண்ணிப் பார்க்கலாம்.

நண்பர் இப்போது ஒரு புதுக்கவிதையின் வரிகளை அசைகளாகப் பிரித்து, வெற்று வரிகளுக்கு மூடிய கதவு வைத்துப் படிகளில் பதிந்து பார்க்கிறார். யாருடைய கவிதை என்று சொன்னால் வீண் சண்டை. மூன்று வெற்று வரிகளில் இரண்டை ஸ்கிப்பில் வைத்தபோது எங்கள் இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவதைத் தொட்டதும் தெரிந்தது.